ஆண்டுக்கு 730 முறை திறக்கும் வாய்

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தால் பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு நிம்மதி. "சாப்பிடலைன்னா என்ன, அதான் ட்ரிப்ஸ் போகுதே" என்பார்கள். அந்தப் பாட்டிலில் உண்மையில் எவ்வளவு சாப்பாடு இருக்கிறது? வழக்கமாக ஏற்றும் 5 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். 200 கலோரிக்குள் அடங்கிவிடும். நான்கு இட்லி என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் உளுந்து போடாத இட்லி. புரதம் இல்லை, கொழுப்பு இல்லை. நாளைக்கு 1,800 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இதை மட்டுமே நம்பினால் ஒன்பது லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். பசி ஆறுவதற்கு முன்பே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

தண்ணீரைக் குறைத்துக் கரைசலைக் கெட்டியாக்கினால் என்ன? கை தாங்காது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுத் துண்டுகள் சுருங்கிப்போகும். அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து அடர்த்தி மிகுந்த பக்கத்துக்கு நீர் இழுக்கப்படுகிறது. சவ்வூடுபரவல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். கெட்டியான சர்க்கரைக் கரைசல் முன்கையின் சிரைக்குள் இறங்கும்போது சிரையின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு அந்த மாங்காயின் கதிதான். (பேச்சில் நாம் 'நரம்பு' என்று சொல்லி ஊசி போடுவது சிரையில்.) சுவர் புண்ணாகும், வீங்கும், ரத்தம் உறையும், சிரை கயிறாகிவிடும். கரைசலில் கரைந்துள்ள துகள்களின் அடர்த்தியை மில்லி ஆஸ்மோல் என்ற அலகில் அளக்கிறார்கள். ரத்தத்துக்கு அது லிட்டருக்கு 290 அளவில். கையில் குத்தும் வென்ஃப்ளான் வழியாக 900 வரை சில நாள்களுக்குச் சமாளிக்கலாம். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், கொழுப்பு, உப்புகள் எல்லாம் அடங்கிய முழு உணவுப் பை 1,500-ஐத் தாண்டுவது சகஜம்.

ஆனாலும் இப்படிப்பட்ட பையை நம்பியே பத்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில். பெரியவர்களுக்குச் சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் குடல் கறுத்துப்போய் வெட்டியெடுக்க நேர்ந்தவர்கள், குடல் முறுக்கிக்கொண்டவர்கள், கிரோன் நோய்க்காகத் திரும்பத் திரும்ப அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரில் சிலருக்கு இரண்டு மீட்டரும் மிஞ்சுவதில்லை. அதைக் குறுங்குடல் நிலை என்கிறார்கள். இவர்கள் சாப்பிடலாம், சுவைக்கலாம். உடம்பில் ஒட்டுவதுதான் கொஞ்சம். 1970-இல் கனடாவின் டொரொன்டோவில் அப்படிக் குடலை இழந்த ஒரு தாயை, இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு அங்கே போன குர்ஷீத் ஜீஜீபாய் என்ற மருத்துவர், சிரைவழி உணவோடு வீட்டுக்கு அனுப்பினார். இன்னும் சில வாரங்கள்தான் என்று நினைக்கப்பட்ட அந்தப் பெண் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த மாங்காய்ச் சிக்கலைத் தாண்டியது எப்படி? கரைசலை மாற்றவில்லை, இறக்கும் இடத்தை மாற்றினார்கள். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தம் முழுவதும் சேர்ந்து இதயத்தின் வலது ஆரிக்கிளில் விழும் இடத்தில் மேற்பெருஞ்சிரை இருக்கிறது. அதில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு ரத்தம் பாய்கிறது. இரண்டு லிட்டர் உணவுப் பையை 12 மணி நேரத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு மூன்று மில்லிலிட்டர்கூட ஆகாது. ஆக, ஒரு பங்கு உணவுக்கு 700 பங்கு ரத்தம். விழுந்த மாத்திரத்தில் கரைந்து போய்விடும். நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் ஓடும் முன்கைச் சிரையில் இதே கரைசல் ஒன்றுக்குப் பதினான்கு என்றுதான் கலக்கும். உணவு அதே உணவு, சுவர் மட்டும் தப்பிக்கிறது.

இதயத்தருகே குழாயை விட்டால் மனிதன் சாகமாட்டான் என்பதே ஒருகாலத்தில் நிரூபிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி கூடாது என்று சொல்லியும், தன் கைச் சிரை வழியாகவே 65 சென்டிமீட்டர் குழாயைத் தள்ளிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய் நுனி இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அதற்காகத் திட்டுதான் கிடைத்தது. 1956-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், மேற்பெருஞ்சிரையில் வைத்த குழாய் வழியாக மட்டுமே உணவு கொடுத்து வளர்த்தார்கள். குட்டிகள் உயிர் பிழைத்ததைவிட முக்கியம், அவை வளர்ந்தன என்பது. எடையும் எலும்பும் கூடினால்தான் உணவு உணவாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதே காலத்தில் ஸ்வீடனில் அர்விட் ரெட்லிண்ட், சோயா எண்ணெயை முட்டையின் பாஸ்போலிப்பிடில் குழைத்து ரத்தத்தில் ஏற்றக்கூடிய பால்வெள்ளைக் கொழுப்பை உருவாக்கினார்.

நுனி சரியான இடத்தில் இருக்கிறது என்பதை இன்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? எக்ஸ்ரே இன்னும் உண்டு. அதைவிட அழகான வழி ஒன்று வந்திருக்கிறது. குழாயின் நுனியையே இசிஜியின் ஒரு முனையாக்கிக் கொள்கிறார்கள். ஆரிக்கிள் சுருங்கும்போது இசிஜியில் தெரியும் சிறு மேடுதான் 'பி' அலை. நுனி இதயத்தை நெருங்க நெருங்க அந்த மேடு உயர்ந்துகொண்டே வரும். மேற்பெருஞ்சிரையும் ஆரிக்கிளும் சந்திக்கும் இடத்தில் உச்சம் தொடும். அதைத் தாண்டி உள்ளே போனால் மேட்டின் முன்னால் ஒரு பள்ளம் தோன்றும். பள்ளம் தெரிந்தால் சற்றுப் பின்னிழுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சில சென்டிமீட்டர்களுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. நுனி மேலேயே நின்றுவிட்டால் ரத்தம் உறைவது கூடுகிறது. இடது பக்கத்திலிருந்து வரும் குழாய் ஒரு திருப்பத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால் நுனி சுவரில் இடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால்தான் முடிந்தவரை வலது பக்கம் வைக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருக்கும் குழாய் ஒரு ரகம். வீட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் மார்பில் இருக்க வேண்டிய குழாய் வேறு ரகம். இரண்டாவது ரகம் பிறந்த ஊர் சியாட்டில். அங்கே பெல்டிங் ஸ்க்ரிப்னரின் டயாலிசிஸ் குழு, நோயாளிகளை இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தில் ஏற்கெனவே ஊறியிருந்தது. வயிற்றுவழி டயாலிசிஸுக்காக ஹென்றி டெங்க்காஃப் 1968-இல் கொண்டுவந்த சிலிகான் குழாயில் டாக்ரான் துணியாலான பட்டை இருந்தது. 1973-இல் ஜான் புரோவியாக்கும் ஸ்க்ரிப்னரும் சிரைவழி உணவுக்கென ஒரு சிலிகான் குழாயை வெளியிட்டார்கள். அதிலும் அந்தப் பட்டை உண்டு. குழாய் சிரையிலிருந்து நேராகத் தோலுக்கு வெளியே வராது. மார்பின் தோலடியில் ஒரு சாண் தூரம் சுரங்கம்போலப் போய், பிறகு வெளிவரும். வழியில் தோலுக்கடியில் புதைந்திருக்கும் பட்டையின் இழைகளுக்குள் உடம்பின் திசு மெல்ல வளர்ந்து மூன்று வாரங்கள் வாக்கில் இறுகிக்கொள்கிறது. அதன்பின் குழாயை இழுத்தால் சுலபத்தில் வராது. வெளித்தோலில் உள்ள கிருமிகள் குழாயின் மேற்புறத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து போகவும் முடியாது. 1979-இல் எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக ராபர்ட் ஹிக்மன் அதன் உள்விட்டத்தை 1 மில்லிமீட்டரிலிருந்து 1.6-ஆகப் பெரிதாக்கினார். இன்று உலகம் முழுக்க நர்ஸுகள் 'ஹிக்மன் லைன்' என்று சொல்வது இதைத்தான்.

பட்டை வெளிப்பாதையை அடைத்தாயிற்று. உட்பாதை? கிருமி உள்ளே வர இரண்டு வழிகள்தான் முக்கியம். தோலிலிருந்து குழாயின் வெளிப்புறமாக வரலாம். அல்லது பையை மாட்டும் வாயிலிருந்து குழாயின் உட்புறமாக வரலாம். எது எப்போது என்று கண்டுபிடிக்க, டெக்சாஸில் இஸ்ஸாம் ராட் குழுவினர் நோயாளிகளிடமிருந்து எடுத்த குழாய்களை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1993-இல் எழுதினார்கள். பத்து நாளுக்குள் எடுத்த குழாய்களில் கிருமிகள் பெரும்பாலும் வெளிச்சுவரில் இருந்தன. முப்பது நாளுக்கு மேல் இருந்தவற்றில் நிலைமை தலைகீழ்: உட்சுவரில்தான் கூட்டம். இன்னொன்றும் தெரிந்தது. காய்ச்சல் எதுவும் இல்லாதவர்களின் குழாயிலும் கிருமிகள் ஒட்டியிருந்தன. அவை தனித்தனியாக நீந்துவதில்லை; தாங்களே சுரக்கும் வழவழப்புக்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. உயிர்ப்படலம் என்று இதைச் சொல்லலாம். ரத்தத்தில் தனியே திரியும் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இந்தப் படலத்தின் அடியில் இருப்பதைக் கொல்லத் திணறும்.

இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து வீட்டுப் பராமரிப்பின் மொத்த நியாயமும் பிறக்கிறது என்பது என் எண்ணம். உணவு வழக்கமாக இரவில், 10 முதல் 14 மணி நேரம் ஏறும். மாட்டும்போது ஒருமுறை, கழற்றும்போது ஒருமுறை குழாயின் வாய் திறக்கிறது. நாளுக்கு இரண்டு, ஆண்டுக்கு 730. குழாயின் விலை, பிராண்டு, அதைப் பொருத்திய சர்ஜனின் பெயர் எல்லாம் முதல் மாதத்துக்குத்தான். அதன்பிறகு கணக்கில் வருவது அந்த 730 தடவையும் யாருடைய விரல் எங்கே பட்டது என்பதே.

எந்தக் குழாயைத் தேர்வது என்ற கேள்வியையும் இப்படிப் பார்த்தால் விடை எளிதாகிறது. முதல் விதி, ஒற்றைக் குழல். ஆஸ்பத்திரியில் இரண்டு, மூன்று உட்குழல்கள் கொண்ட குழாய்கள் வசதிதான். ஒன்றில் மருந்து, ஒன்றில் சலைன், ஒன்றில் ரத்தம் எடுக்க. ஆனால் உட்குழல் ஒவ்வொன்றும் இன்னொரு வாய். வீட்டில் உணவுக்கென ஒன்று போதும். அதில் வேறெதையும் கலக்காமல், ரத்தப் பரிசோதனைக்குக்கூட முடிந்தவரை தொடாமல் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, ரகம். மூன்று இருக்கின்றன. மேற்கையின் சிரை வழியாகச் செருகி நெஞ்சுவரை கொண்டுபோகும் பிக் லைன். நான் மேலே சொன்ன சுரங்கவழிக் குழாய். முழுவதும் தோலுக்கடியில் புதைத்துவிடும் போர்ட். தமிழ்நாட்டில் வீட்டில் சிரைவழி உணவு எடுப்பவர்கள் சொற்பம் என்றாலும் இந்தக் குழாய்கள் அபூர்வமில்லை. கீமோவுக்காக பிக்கோ போர்ட்டோ வைத்தவர்களையும், டயாலிசிஸுக்காகக் கழுத்தடியில் பெர்ம்கேத் தொங்குகிறவர்களையும் பலர் பார்த்திருப்பார்கள். பெர்ம்கேத்தும் பட்டை வைத்த சுரங்கவழிக் குழாய்தான்.

பிக் லைன் போடுவது சுலபம், கழற்றுவதும் சுலபம். ஆனால் கையில் இருப்பதால் மாட்டுவதற்கு ஒரே கைதான் மிச்சம். இதைச் சர்ஜன்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒரு கையால் மூடியைப் பிடித்து, துடைத்து, ஊசிக்குழாயைத் திருகிப் பொருத்திப் பார்த்தால்தான் அருமை தெரியும். அந்த ஒற்றைக் கைத் தடுமாற்றத்தில்தான் தொடக் கூடாத இடத்தில் விரல் படும். வீட்டில் ஆள் இருந்தால் சரி. தனியாக வாழ்பவருக்கு அது தினசரி ஆபத்து. மேற்கையின் சிரை மார்பின் சிரையைவிடச் சிறியது என்பதால் ரத்த உறைவு பற்றிய கவலையும் உண்டு. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆறு மாதத்துக்குள் முடியும் என்று தோன்றினால் பிக் போடலாம், நீண்டகாலத்துக்குச் சுரங்கவழிக் குழாய் அல்லது போர்ட் என்கிறது.

போர்ட்டின் கவர்ச்சி வெளியே எதுவும் தெரியாதது. கடலில் குளிக்கலாம், சட்டையில்லாமல் நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தோல் வழியாக ஹியூபர் ஊசி குத்தியாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு இரவு ஏற்றுகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஏழு இரவும் ஏற்றுகிறவர் தினமும் குத்திக்கொள்ள வேண்டும். அல்லது ஊசியை ஒரு வாரம்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஊசி வெளியே நீட்டிக்கொண்டே இருந்தால் போர்ட் வைத்ததன் பலன் என்ன? ஆக, தினமும் ஏற்றுகிறவருக்குச் சுரங்கவழிக் குழாய், எப்போதாவது ஏற்றுகிறவருக்குப் போர்ட் என்று பெரும்பாலும் தீர்மானமாகிவிடும்.

குழாய் மார்பில் எங்கே வெளிவர வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். அறுவை மேசையில் படுக்க வைத்த பிறகு அதை முடிவு செய்வது தவறு. நோயாளியை உட்கார வைத்து, அவர் வழக்கமாகப் போடும் உடையோடு, குனிந்து பார்க்கச் சொல்லி, முந்தின நாளே பேனாவால் குறிக்க வேண்டும். இரண்டு கையும் எட்டவேண்டும், கண்ணுக்கும் தெரியவேண்டும். உள்ளாடைப் பட்டையோ சீட் பெல்ட்டோ உரசக் கூடாது. வயிற்றில் மலப்பை இருந்தால் அதிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். வலதுகைக்காரரா இடதுகைக்காரரா என்பதையும் கேட்க வேண்டும். எஸ்பென் வழிகாட்டியே குழாயின் ரகத்தையும் வெளிவரும் இடத்தையும் முடிவு செய்வதில் நோயாளிக்கும் பங்குண்டு என்று எழுதி வைத்திருக்கிறது.

இப்போது அந்த மாட்டும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மேசையைத் துடைத்தாயிற்று. உணவுப் பை மூன்று அறைகள் கொண்டது. ஒன்றில் சர்க்கரைக் கரைசல், ஒன்றில் அமினோ அமிலம், ஒன்றில் கொழுப்பு. மேலிருந்து பையைச் சுருட்டி அழுத்தினால் நடுத் தடுப்புகள் விட்டு எல்லாம் கலந்து பால்போல ஆகும். மருந்தகத்தில் முன்கூட்டியே கலந்து தரும் பையென்றால் ஃபிரிட்ஜில் இருக்கும். சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் தேய்த்துக் காயவிட வேண்டும். இதற்குப் பிறகு பயிற்சி நர்ஸ் சொல்லித் தருவது ஒரே விஷயம்தான்: எதைத் தொடக் கூடாது. கையுறை போட்டிருந்தாலும் தொடக் கூடாது. அது மிகச் சிறிய இடம். ஊசிக்குழாயின் கூம்பு நுனி, பைக் குழாயின் முனை, மார்பிலிருந்து வரும் குழாயின் வாயில் உள்ள மூடியின் தட்டையான முகம். சேர்த்து அளந்தால் ஒரு சட்டைப் பொத்தான் அகலம் வராது. மற்றெதையும் பிடிக்கலாம், இவற்றில் விரலோ, சட்டையோ, மேசையோ பட்டால் அந்தப் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை எடுக்க வேண்டும்.

மூடியின் முகத்தை ஆல்கஹாலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த துண்டால் பதினைந்து நொடி அழுத்தித் தேய்க்க வேண்டும். சும்மா ஒற்றி எடுப்பது போதாது. தேய்ப்பதுதான் ஒட்டியிருப்பதைப் பெயர்க்கிறது. அப்புறம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஈரமாக இருக்கும்வரை கிருமிநாசினி வேலை செய்துகொண்டிருக்கிறது. அது தானாகக் காய வேண்டும், ஊதக் கூடாது. வாயில் உள்ள கிருமிகளுக்குக் குறைச்சலா?

பிறகு சலைனால் கழுவுதல். பத்து மில்லிலிட்டர் ஊசிக்குழாய்க்குக் குறைந்து எதையும் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் எளிய இயற்பியல்: கட்டைவிரலின் அதே விசை சிறிய பரப்பில் குவியும்போது அழுத்தம் பலமடங்கு ஆகிறது, மெல்லிய சிலிகான் வெடித்துவிடும். ஒரேயடியாகத் தள்ளாமல் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்தினால் உள்ளே சுழல் உண்டாகிச் சுவரை நன்றாக அலசுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கடைசி அரை மில்லியைத் தள்ளிக்கொண்டே கிளாம்பைப் பூட்ட வேண்டும். தள்ளி முடித்துவிட்டுப் பூட்டினால், ஊசிக்குழாயை எடுக்கும் அந்தக் கணத்தில் நுனியில் ஒரு துளி ரத்தம் உள்ளே இழுபட்டு உறைந்து அடைக்கும். குழாய் அடைத்துக்கொள்வது எல்லாமே ரத்தத்தால் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்த உறைவுக்கு அதைக் கரைக்கும் மருந்து, கொழுப்புப் படிவுக்குச் சாராயம், கால்சியம்-பாஸ்பேட் படிவுக்கு மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எது அடைத்ததோ அதற்கேற்ப ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள். வீட்டில் பலம் கொண்டமட்டும் தள்ளிப் பார்ப்பது மட்டும் கூடாது.

பகல் முழுக்கச் சும்மா இருக்கும் குழாய்க்குள் என்ன நிரப்பி வைப்பது? பூட்டுத் திரவம் என்று இதைச் சொல்லலாம், ஓரிரு மில்லிலிட்டர்தான். பல காலம் ஹெப்பாரின் நிரப்பினார்கள், உறையாதிருக்க. ஆனால் ஹெப்பாரின் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி படலம் கட்டுவதற்குத் துணைபோகிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. இப்போது சாதாரண சலைன் போதும் என்கிறார்கள். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால் டாரோலிடின். டாரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்யப்படும் இது கிருமியின் சுவரோடு வினைபுரிந்து அதைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் அல்ல என்பதால் மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்க்கும் பயமும் குறைவு.

அது பலன் தருகிறது என்று எப்படித் தெரியும்? இங்கே ஓர் அலகைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு மாதம் குழாய், இன்னொருவருக்கு ஒன்பது ஆண்டுகள் குழாய் என்றால் இருவரையும் தலைக்கணக்கில் ஒப்பிட முடியாது. அதனால் '1,000 குழாய் நாளுக்கு எத்தனை தொற்று' என்று எண்ணுகிறார்கள். 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வீட்டுச் சிரைவழி உணவில் இந்த எண் 0.38-லிருந்து 4.58 வரை இருந்தது. நாள்கணக்கில் மாற்றிப் பாருங்கள்: ஒரு மையத்தின் நோயாளிக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை தொற்று, இன்னொரு மையத்தின் நோயாளிக்கு ஏழு மாதத்துக்கு ஒருமுறை. இவ்வளவு பெரிய இடைவெளியைக் குழாயின் ரகம் மட்டும் உண்டாக்காது. டாரோலிடின் சோதனை 2018-இல் வெளியானது. சீட்டுக் குலுக்கியதுபோல் நோயாளிகளைப் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி ஒரு பாதிக்கு டாரோலிடினும் மறுபாதிக்கு சலைனும் கொடுத்தார்கள். புதிதாகக் குழாய் வைத்தவர்களில் சலைன் பக்கம் 1,000 நாளுக்கு 1.49 தொற்று, டாரோலிடின் பக்கம் 0.29. நூறு பேர் அளவிலான சோதனைதான்; ஆனாலும் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததை அலட்சியப்படுத்த முடியாது.

இவ்வளவுக்கும் பிறகும் தொற்று வரும். அதன் அடையாளம் விசித்திரமானது: நாளெல்லாம் நன்றாக இருந்தவர், பையை மாட்டிய அரைமணி, ஒருமணி நேரத்தில் பல் கிட்டி நடுங்குவார். குழாய்ச் சுவரில் இருந்த படலத்திலிருந்து கிருமிகள் உணவோடு நேரே இதயத்துக்குப் போவதால் இது நிகழ்கிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலைவரை பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை; உணவை நிறுத்தி, கிளாம்பைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அங்கே கேள்வி: கிருமி குழாயிலிருந்துதான் வந்ததா, சிறுநீர்த் தொற்றா, நுரையீரலா? 1977-இல் டென்னிஸ் மாக்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார். குழாயை உருவி, நுனியை வெட்டி, கிருமி வளர்க்கும் தட்டின்மேல் உருட்ட வேண்டும். பதினைந்தோ அதற்கு மேலோ கூட்டங்கள் முளைத்தால் குழாய்தான் குற்றவாளி. நல்ல வழி, ஆனால் குற்றவாளியா என்று அறியவே தூக்கில் போட வேண்டியிருந்தது. உருவிய குழாய்களில் பல நிரபராதிகளாகத் தெரியவந்தன. 1999-இல் பாரிஸ் அருகே ஃப்ரான்சுவா ப்ளோ குழுவினர் குழாயைத் தொடாமலே கேட்கும் வழியை உறுதிப்படுத்தினார்கள். ஒரே நேரத்தில், ஒரே அளவில், குழாயிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம், கையிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம். இரண்டையும் இயந்திரத்தில் வைத்தால், கிருமி பெருகி வெளிவிடும் கரியமில வாயுவை அது இடைவிடாமல் கவனித்து, ஒரு அளவைத் தாண்டியதும் மணியடிக்கும். தொடக்கத்தில் கிருமி அதிகமிருந்த பாட்டில் முதலில் மணியடிக்கும். குழாயின் பாட்டில் இரண்டு மணி நேரமாவது முந்திக்கொண்டால் ஊற்று குழாய்தான். அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேர முந்தல் என்பது பதினாறு மடங்கு கிருமி. எண்ணிப் பார்க்க முடியாததைக் கடிகாரத்தைக் கொண்டு எண்ணிவிட்டார்கள்.

குழாயை உருவாமல் கண்டுபிடிப்பது இவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு குழாயும் ஒரு சிரையைச் செலவழிக்கிறது. கழுத்திலும் காரைஎலும்பின் அடியிலும் இரு பக்கமும் சேர்த்து நல்ல நுழைவாயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உறைந்து அடைத்த சிரை பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. எல்லாம் தீர்ந்துபோவது குடல் மாற்று அறுவைக்கான காரணங்களில் ஒன்று. அதனால் தொற்று உறுதியானாலும் எல்லாக் குழாயையும் உருவுவதில்லை. பூஞ்சையோ ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸோ என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். தோலில் வழக்கமாக வாழும் சாதுவான ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையென்றால், ரத்தத்தில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதோடு குழாய்க்குள்ளும் செறிவான ஆன்டிபயாடிக்கை நிரப்பி ஊறவைத்து மீட்கப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் சால்ஃபர்டு ஆஸ்பத்திரி இதில் பேர்போனது. அங்கே பாதிக்கு மேற்பட்ட தொற்றுகளில் குழாயைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

குழாய் கிழிந்தால்கூடப் பதற வேண்டியதில்லை. மார்புக்கும் கிழிசலுக்கும் நடுவே கிளாம்பைப் போட வேண்டும். காற்று உள்ளே போய்விடக் கூடாது என்பதுதான் முதல் கவலை. வெளியே உள்ள பகுதியை மட்டும் வெட்டிப் புதிதாக ஒட்டும் உபகரணம் இருக்கிறது, சிரை தப்பிவிடும்.

திறக்கும் எண்ணிக்கையையே குறைக்க முடியுமா என்ற பக்கமும் ஆராய்ச்சி நகர்ந்திருக்கிறது. எஞ்சிய குடலின் உறிஞ்சு பரப்பை வளர்க்கும் ஒரு குடல் ஹார்மோனின் வடிவம் டெடுகுளூடைட். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2012-இல் அதற்கு அனுமதி தந்தன. தினமும் தோலடியில் போடும் ஊசி, விலையோ மலைக்க வைக்கும். 24 வாரச் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 63 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கும் சிரைவழித் தேவை ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாரத்தில் குறைந்தது ஓர் இரவு பையை மாட்டாமல் தூங்கினார்கள். ஓர் இரவு என்றால் இரண்டு திறப்பு, ஆண்டுக்கு 104.